தியானத்துக்கு ஒரு கிடா

கண் ஆபரேஷன் மேசையிலிருந்து என்னை இரண்டாவது முறையாக எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கண்ணில் புரை. சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி. பச்சை அங்கி மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, புருவத்துக்கு மேல் பேனாவால் அடையாளமும் வைத்தாகிவிட்டது. கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்த நர்ஸ் பெண் போய் டாக்டரை அழைத்து வந்தாள். அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மீட்டரைப் பார்த்தார்.

"இவ்வளவு பிரஷரோட கண்ணத் தொட முடியாதும்மா."

"ஊட்டுல நல்லாத்தானுங்க இருக்குது. உங்க கோட்டப் பாத்தாத்தான் ஏறுது."

"அதுக்கு மாத்திரை மட்டும் போதாது. மனசு அடங்கணும். எங்கயாவது தியானம் கத்துக்கிட்டு வாங்க."

மனசு அடங்க வேண்டுமாம். என்னிடம் வந்து சொல்கிறார். நாமக்கல்லில் லாரி ஓட்டப் பழக்குகிற இடங்கள் தடுக்கி விழுந்தால் இருக்கும். பெண்களுக்குக் கார் பழக்குகிற பெண் என்று எங்கள் வட்டாரத்தில் நான் ஒருத்திதான். மாஸ்டரம்மா என்று கூப்பிடுவார்கள். என் காரில் இடது பக்க இருக்கைக்குக் கீழே எனக்கென்று தனியாக ஒரு கிளட்ச், தனியாக ஒரு பிரேக். ஓட்டுகிறவள் புளியமரத்தைப் பார்த்து நேராகப் போகும்போது மனசை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? கத்துவதும் மிதிப்பதும்தான் என் தொழில். அதைச் சந்தோஷமாகச் செய்துகொண்டிருந்தவள் நான்.

புரை முற்றி, எதிரே வரும் லாரி பனிமூட்டத்தில் வருவதுபோலத் தெரிய ஆரம்பித்ததும் நானே என்னைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டேன். அடுத்தவர் உயிரோடு விளையாட முடியாது. என் இருக்கையில் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். வடநாட்டு லைனில் லாரி ஓட்டி ஓய்ந்தவர், பூனைபோல் பேசுவார். அவரிடம் கற்றுக்கொள்கிற பெண்கள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே யார் கியரை எப்படி நசுக்குகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். என் இருக்கை எனக்குத் திரும்ப வேண்டும். அதற்குக் கண் வேண்டும், கண்ணுக்குத் தியானம் வேண்டும். எப்படி வந்து மாட்டிக்கொண்டேன் பாருங்கள்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும். முந்தின நாள் சாம்பார் வாசனை சுவரிலேயே ஒட்டியிருக்கும். சொல்லிக்கொடுத்தவர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி. வெள்ளை உடுப்பு, முட்டைகூடத் தொடாதவர். நாமக்கல்லில் முட்டை தொடாமல் வாழ்வதற்கே தனி மன உறுதி வேண்டும். நல்ல பிள்ளை.

"எதையும் கேக்காதீங்க, எதையும் எதிர்பாக்காதீங்க. மூச்சு தானா வருது, தானா போகுது. நீங்க சும்மா கவனிங்க" என்றார்.

என்னால் எதையும் சும்மா கவனிக்க முடியாது. கவனித்தால் திருத்துவேன். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததுமே மூச்சு, முதல் நாள் கிளட்சை விடுகிற பெண்ணைப்போல் குலுங்கி நின்றது. மெதுவா உடு, இப்ப எடு, எதுக்கு இத்தனை அவசரம் என்று உள்ளுக்குள் அதட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு மேல்மூச்சு வாங்கியது. பக்கத்துப் பெண்மணி கண்ணைத் திறந்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. சின்ன வயதிலிருந்து நான் கண்ணை மூடுவது சாமியிடம் கேட்பதற்குத்தான். மூடியவுடன் பழக்கதோஷத்தில் கேட்க ஆரம்பித்துவிடுவேன். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், இவருடைய முழங்கால் வலி நிற்க வேண்டும், வண்டிக்கு எஃப்.சி. சான்றிதழ் தடங்கலில்லாமல் கிடைக்க வேண்டும், எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல்காரர் நல்லா இருக்கட்டும், ஆனால் ரொம்ப நல்லா இருக்க வேண்டாம். தம்பி, கேட்காதீர்கள் என்று சொல்லச் சொல்ல எனக்குக் கேட்க வேண்டியது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

துணைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த வீட்டுக்காரரோ முதல் நாளே எங்கேயோ போய்விட்டார். தூங்குகிறார் என்று தொடையில் கிள்ளினேன். தூங்கவில்லை. மணி அடித்ததும் குளத்தில் குளித்தவர்போல் எழுந்தார்.

"என்னங்க பண்ணுனீங்க?"

"சும்மா இருந்தேன் புள்ள."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். ராத்திரில நாக்பூர் ரோட்டுல போற மாதிரி. ரோடு வரும், போவும்."

தம்பி அவரை முன் வரிசையில் உட்கார வைத்து எல்லோருக்கும் காட்டினார். எனக்கு ஏற்பட்ட பொறாமையை இங்கே எழுதினால் அச்சு மை தாங்காது.

ஒரு காலை, ஆஸ்பத்திரியில் மறுபடியும் தேதி கொடுத்துவிட்டார்கள் என்ற பதற்றத்தோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அதைச் செய்தேன். மூச்சு அடங்கவில்லை, மனசு அடங்கவில்லை. எங்கள் பக்கத்தில் எது கைகூடாவிட்டாலும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அது என்னை அறியாமலே உள்ளே நடந்துவிட்டது. சாமி, இந்தத் தியானம் மட்டும் எனக்குக் கைகூடட்டும், உனக்கு ஒரு கிடா வெட்டுகிறேன்.

வேண்டி முடித்த அடுத்த நொடி மனசு அப்படியே நின்றது. சத்தமில்லை, கேள்வியில்லை. மணி அடிக்கிறவரைக்கும் அப்படியே இருந்தேன். கண்ணைத் திறந்ததும் முதலில் சந்தோஷம், அதன் பின்னாலேயே திக்கென்றது. கைகூடிவிட்டதே. கிடா கடன் ஏறிவிட்டதே.

தம்பியிடமே போய்க் கேட்டேன். "ஏனுங்க தம்பி, இப்ப எனக்கு வந்தது தியானந்தானுங்களா?"

"நல்லா உக்காந்திருந்தீங்கம்மா. பாத்தேன். கண்டிப்பா தியானந்தான்."

"அப்ப கெடா வெட்டோணும்."

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எதையும் கேக்காம இருக்கறதுதானேம்மா தியானம், அதையே கேட்டு வாங்கினா எப்படி என்று மெல்லச் சொன்னார். ஒரு உயிரை வேறு இழுத்துவிட்டுவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். அப்படியானால் இது கணக்கில் வராதா என்று மடக்கினேன். அவர் யோசிக்கிறேன் என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லை. காரைத் தெரு ஓரத்தில் நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேண்டுனா செஞ்சர்றதுதான் புள்ள. கண்ணு ஆபரேசனுக்கு முன்னாடியே செஞ்சர்லாம்" என்றார். எனக்கும் அதுதான். சாமிக்குக் கொடுத்த வாக்கைப் பாக்கி வைத்துவிட்டு எந்தத் தைரியத்தில் அந்த மேசையில் போய்ப் படுப்பது? படுத்தாலும் பிரஷர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அந்த வாரம் ஆபீசுக்கு டீச்சர் வந்தார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருமுனைச் சர்ச்சுக்குப் பக்கத்தில் தனியாகக் குடியிருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகுதான் கார் ஓட்ட ஆசை வந்தது. பாதி வரை நான் பழக்கினேன். என் கத்தலுக்குப் பயந்தே ஸ்டியரிங்கை முறுக்கிப் பிடிப்பார். மீதி வீட்டுக்காரர் கையில். டீச்சர் தினமும் விடியக்காலையில் சர்ச்சில் தனியாக ஒரு மணி நேரம் உட்காருவார் என்று எனக்குத் தெரியும்.

"நீங்களும் அங்க தியானந்தான் பண்றீங்களா டீச்சர்?"

"இல்லைங்க மாஸ்டரம்மா, ஜெபம்."

"அப்ப என்னென்ன கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்கறதில்ல."

"கேக்காம என்னங்க ஜெபம்? அந்தத் தம்பியும் கேக்காதீங்கங்கறாரு, நீங்களும் கேக்கறதில்லீங்கறீங்க. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?"

டீச்சர் மேசைமேல் இருந்த பொம்மை டிராஃபிக் சிக்னலைத் திருப்பினார். "முதல்ல உள்ளுக்குள்ள ஒரே ஒரு வார்த்தை கேப்பேன். இருக்கீங்களான்னு. அதோட சரி."

"அவரு என்ன சொல்லுவாரு?"

"ஒண்ணும் சொல்லமாட்டார்."

"அப்புறம்?"

"இருக்கார்னு தெரியும். நானும் இருப்பேன். நேரம் போயிரும்."

எனக்குப் பிடிபடவில்லை, கோபம்தான் வந்தது. பதில் சொல்லாதவரோடு ஒரு மணி நேரமா? காரில் நான் பேசாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "பேசாம உக்காந்திருந்தா வண்டி ஓட்ட எனக்கு என்னிக்கோ வந்திருக்கும்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். மூச்சு முட்டச் சிரித்தோம்.

எங்கள் குலசாமி கோயில் மேச்சேரிக்கு அப்பால் ஒரு வெட்டவெளியில் இருக்கிறது. மதில் இல்லை, கோபுரம் இல்லை. ஒரு ஊஞ்ச மரம், அடியில் வரிசையாக நட்ட வேல்கள், தூரத்தில் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. நெடுந்தூரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று டீச்சரும் கிளம்பினார். "வெட்டறத மட்டும் பாக்கமாட்டேன், அந்நேரம் கார்ல உக்காந்துக்கறேன்" என்று நிபந்தனை போட்டார். மேச்சேரிச் சந்தையில் செந்நிறத்தில் மொழுமொழுவென்று ஒரு கிடாயைப் பிடித்தோம். டெம்போ வைத்துக்கொள்ளலாம் என்றேன். வீட்டுக்காரர், கோயிலுக்கு ஒரு எட்டு தூரம், காரிலேயே ஏற்றிவிடலாம் என்றார்.

அந்த ஒரு எட்டு தூரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். முன்னால் டீச்சர், கழுத்தில் ஜெபமாலை, ஸ்டியரிங்கை முறுக்கிய இரண்டு கைகள். பக்கத்தில் பூனைக்குரலில் வீட்டுக்காரர். பின்னால் நானும் கிடாயும். கிடா தன் தாடையை டீச்சர் தோளில் வைத்துக்கொண்டு முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தது. கியர் மாற்றும்போதெல்லாம் கத்தியது, அதுவும் சரியாக நான் கத்துகிற இடத்தில். வழியில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சிவப்பில் எழுதிய எல் போர்டைப் பார்த்தார். டீச்சரின் நரைத்த தலையைப் பார்த்தார், கிடாயைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் டீச்சர் சிரித்த சிரிப்பில் வண்டி நின்றுவிட்டது.

கோயிலில் எங்கள் பங்காளிகள் முன்பே வந்து அடுப்புக் கூட்டி, மசாலா அரைத்து வைத்திருந்தார்கள். கிடாயை வேலுக்கு முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, பூசாரி அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். இனிக் காத்திருக்க வேண்டும். கிடா தானாக உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துளுக்காமல் கத்தி எடுக்கக்கூடாது.

கிடா துளுக்கவில்லை.

மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். காதிலிருந்து சொட்டியது, அவ்வளவுதான். "குடு சாமி, உத்தரவு குடு" என்று பெரியவர்கள் குரல் கொடுத்தார்கள். யாராவது குறை வைத்திருக்கிறீர்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கடைசியில் பூசாரி என் பக்கம் திரும்பினார்.

"என்ன வேண்டுதலுங்க?"

"தியானம் கைகூடோணும்னு."

"அப்படீன்னா?"

"கண்ண மூடிக்கிட்டு ஒண்ணுமே கேக்காம இருக்கோணும். அதுக்குப் பேரு தியானமுங்க."

அவர் சொம்பைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "ஒண்ணுமே கேக்காம இருக்கறதுக்கு எங்க சாமிகிட்ட வந்து கேட்டீங்களா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்தது. ஆபரேஷன் நெருங்கிவிட்டது. சாமி வேண்டாம் என்று சொன்னால் நான் எப்படிப் போய்ப் படுப்பேன்? துளுக்கு சாமி, துளுக்கு கண்ணு என்று கிடாயிடமும் வேலிடமும் மாற்றி மாற்றிக் கெஞ்சினேன். என் கண்ணைக் கேட்டேன், என் இருக்கையைக் கேட்டேன். தெரிந்த எல்லா விதத்திலும் கேட்டேன். வெயில் ஏறியது. குரல் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. அத்தனை பேரும் ஒரு ஆட்டைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றோம். கேட்கக் கேட்க எனக்கும் கேட்பதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மண்டபத்தில் எனக்குக் கிடைத்த அமைதியில் நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆ, அடங்கிவிட்டது, இன்னும் அடங்கியிருக்கிறதா என்று. இங்கே என்னைப் பற்றிய நினைப்பே இல்லை. மூச்சு வந்ததா போனதா, தெரியாது. எதிரில் ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. வேல் இருந்தது, மரம் அசைந்தது, நான் நின்றேன். துளுக்கினாலும் சரி, துளுக்காவிட்டாலும் சரி என்று இருந்தது. கண் ஞாபகம்கூட இல்லை. என் வீட்டுக்காரருக்கு எதிரில் யாரும் தேவையில்லை, ரோடு வந்து போனால் போதும். எனக்கு ஆள் வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை, ஆள் இருக்க வேண்டும். இது தெரிய எனக்கு ஒரு கிடா தேவைப்பட்டது.

கிடா அந்த நேரம் முன்னங்கால்களை மடக்கியது. பின்னங்கால்களை மடக்கியது. சாவகாசமாக மர நிழலில் படுத்து, கண்களைப் பாதி மூடி, அசைபோட ஆரம்பித்தது.

"இதத் தம்பி வகுப்புக்குக் கூட்டிட்டுப் போயிருக்கோணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

முதலில் சிரித்தது பூசாரிதான். அப்புறம் கோயிலே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். காரிலிருந்து இறங்கி எப்போது மரத்தடிக்கு வந்தாரோ, டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூசாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "சாமி உத்தரவு குடுக்கல. ஆனாக் கோவமில்லீங்க. கோவமிருந்தா இது இப்படி நெழல்ல உக்காந்து மெல்லாது. இங்கயே உட்டுட்டுப் போங்க, கோயல் கெடாயா இருக்கட்டும்." அரைத்த மசாலாவில் உருளைக்கிழங்கையும் கத்தரிக்காயையும் போட்டுக் குழம்பு வைத்தோம். பங்காளிகள் என்னை முறைத்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள். தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் அந்தப் பிள்ளை, கிடா உயிரோடுதான் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார்.

ஆஸ்பத்திரியில் அதே அங்கி, அதே தொப்பி. அதே நர்ஸ் பெண் பட்டையைச் சுற்றினாள். முகத்துக்கு மேல் துணியைப் போட்டு வெளிச்சத்தைத் திருப்பியதும் பழக்கத்தில் கேட்க ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். இருக்கீங்களா என்று மட்டும் கேட்டேன். பதில் வரவில்லை. வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம் ஊஞ்ச மரம் அசைவதுபோல் இருந்தது.

"பரவாயில்லையே, தியானம் நல்லா வேலை செஞ்சிருக்கு" என்றார் டாக்டர், மீட்டரைப் பார்த்து.

அது தியானமில்லீங்க என்று சொல்லத் தொடங்கினேன். பேசாமல் படுங்கள் என்றார்கள்.

கட்டைப் பிரித்த பிறகு உலகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. டீச்சரின் சேலை பழுப்பு என்று நினைத்திருந்தேன், நல்ல ரோஜா நிறம். வீட்டுக்காரருக்கு இத்தனை நரை எப்போது வந்தது என்று தெரியவில்லை. டாக்டர் சரி என்று சொன்ன மறுநாளே அவரை இறக்கிவிட்டு என் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். முதல் ஆள் டீச்சர்.

ராசிபுரம் ரோட்டில் விட்டேன். கோழி வண்டி ஒன்று முந்தியது, இறகுகள் கண்ணாடியில் வந்து மோதின. ஒவ்வொரு இறகும் தெரிந்தது. எதிரே போர்வெல் போடுகிற ரிக் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. என் கால் பிரேக்குக்குப் போனது. போன காலை இழுத்துத் தரையில் ஊன்றினேன், வாயையும் மூடிக்கொண்டேன். டீச்சர் இடது பக்கம் ஒதுங்கி, வேகம் குறைத்து, லாரியை விட்டு, மறுபடியும் நேரானார். நான் ஒன்றுமே சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

என் சத்தம் இல்லாதது அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாஸ்டரம்மா, இருக்கீங்களா?" என்றார்.

இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. டீச்சரும் திரும்பிப் பார்க்கவில்லை, மறுபடி கேட்கவுமில்லை. ஸ்டியரிங்கை முறுக்கியிருந்த கை மெல்லத் தளர்ந்தது. அவர் கியரை மாற்றினார்.